கன்விக்ட் ஜோடி வளர்த்த ஒன்பது பிள்ளைகள்

கொளத்தூர் ஏரிக்குப் பின்னால் இருக்கிற மூன்றாவது சந்தில் மீன் வளர்க்காத வீடுகள் இரண்டே இரண்டுதான், அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, இன்னொன்றில் பூனை வளர்க்கிறார்கள். மற்ற வீடுகளிலெல்லாம் மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி, மாடிப்படியில் பிளாஸ்டிக் டப், சமையல் மேடையில் கண்ணாடி ஜாடி என்று இடம் கண்ட இடமெல்லாம் தண்ணீரும் தண்ணீருக்குள் மீனும்தான்; சிலர் கப்பி, சிலர் கோல்டு, சிலர் ஃபைட்டர். வேதவல்லி வீட்டில் மட்டும் மத்திய அமெரிக்கா. நிகரகுவா என்றும் குவாத்தமாலா என்றும் அவள் வாயில் சரியாக நுழையாத ஊர்களின் ஏரிகளிலிருந்து எந்தக் காலத்திலோ கிளம்பி வந்த சிக்லிட் மீன்களின் வாரிசுகள், தொண்டை முழுக்கச் சிவப்புப் பூசிய ஃபயர்மவுத்தும், உடம்பெல்லாம் முத்துப் புள்ளி வைத்த டெக்சாஸும், சிறைச்சாலைச் சட்டை போட்ட மாதிரி கறுப்புப் பட்டை வரிந்த கன்விக்டும், அவள் முன்னறையின் மூன்றடித் தொட்டிகளில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தின.

அந்தக் குடித்தனங்களில் பேர் போனது தெருப்பக்கத்து ஜன்னலோரம் இருந்த கன்விக்ட் ஜோடி. ஆண் உள்ளங்கை நீளம், பெண் அதில் பாதி, கோபத்தில் மட்டும் அவனைவிட இரண்டு பங்கு, வயிற்றில் ஆரஞ்சு மினுக்கம். ஓரம் உடைத்துக் கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் முட்டையிட்டு, மூன்றாம் நாள் பொரித்து, ஏழாம் நாள் குஞ்சுகளை நீந்தக் கிளப்பிவிடும். நீந்த ஆரம்பித்ததும் குழாய் வைத்து உறிஞ்சி டப்புக்கு மாற்றிவிட்டால் ஜோடி சீக்கிரமே அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். ஆனால் மொத்தத்தையும் எடுத்துவிடக் கூடாது. பத்துக் குஞ்சு மிச்சம் விட வேண்டும். யார் ஆரம்பித்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த மீன் வளர்த்தாலும் அந்தச் சந்தில் பத்து மிச்சம் விடாமல் யாரும் குஞ்சு எடுத்ததில்லை. எண்ணத் தெரியாத ஜீவன், அந்தப் பத்தை மேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடும், விடாவிட்டால் தேடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. வேதவல்லி குஞ்சுகளை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, பத்தைத் திருப்பி விடலாம் என்று டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில், நாலு வயது மகள் தாரிகா பள்ளிக்கூட ஷூவைக் கொண்டுபோய் ஃபயர்மவுத் தொட்டிக்குள் மிதக்க விட்டாள், வாசலில் வேன் ஹாரன் அடித்தது, ஒரு கையில் சொட்டும் ஷூவும் மறு கையில் சிரிக்கும் மகளுமாக ஓடியவள், திரும்பி வந்து டம்ளரில் காபி ஊற்றிக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மறதிதான். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் அவளிடம் இல்லை.

காலை முழுக்க ஜோடி தேடியது. கூழாங்கற்களைக் கவ்விக் கவ்வித் துப்பியது, சட்டிக்குள் போய்ப் போய் வந்தது, தொட்டியின் நாலு மூலையையும் மோந்து பார்த்தது. பன்னிரண்டரைக்கு வேன் வந்து சந்தின் பிள்ளைகள் ஒன்பது பேரையும் இறக்கிவிட்டது, ஒன்றுக்கும் ஐந்து வயது முடியவில்லை, ஒன்பதும் ஒன்பது திசையில் பிய்த்துக்கொண்டு ஓடுகிற ரகம். பெண் மீன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அவர்களைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு குஞ்சுகளுக்கு ஆபத்து வரும்போது தாய் செய்கிற மாதிரி, உடம்பை ஒரு உதறு உதறி, வயிற்றுத் துடுப்பைப் பட்டென்று விரித்து மடக்கியது. ஒன்பது பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே தரையோடு தரையாகக் குந்தினார்கள். அதே நொடியில் தண்ணி லாரி ஒன்று ஹாரன் இல்லாமல் ரிவர்ஸில் வந்து, அவர்கள் ஓடிப்போயிருக்க வேண்டிய இடத்தின் மேல் ஏறி நின்றது.

எதிர்வீட்டு ரெஜினா, இரட்டைப் பையன்களைப் பெற்றுவிட்டு நாலு வருடமாக உட்கார்ந்து சோறு தின்னாதவள், வாசலில் நின்று இதைப் பார்த்தாள். "பாத்தியா வேதா, உன் மீனு சொன்னா கேக்குதுங்க. நான் தொண்ட கிழிய கத்துனா ஒண்ணாவது திரும்பிப் பாக்குதா?" என்றாள். அவ்வளவுதான். அந்த அதிசயத்துக்கு அந்தச் சந்தில் கிடைத்த வரவேற்பு அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் கூட்டமாகத்தான் போனார்கள், கூட்டமாகத்தான் வந்தார்கள், ஒருவன் இடப்பக்கம் திரும்பினால் ஒன்பதும் இடப்பக்கம் திரும்பியது, பெண் மீன் துடுப்பை அசைத்தால் குந்தியது, தலையை ஆட்டினால் எழுந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் கேபிளுக்குத் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் ஒன்று வேதவல்லி வீட்டு வாசலில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கன்விக்ட் குஞ்சுகளைக் குழிக்குள் சேர்ப்பது வழக்கம் என்பதால், ஆறு மணி அடித்ததும் ஒன்பது பேரும் சத்தம் போடாமல் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள், தாய்மார்கள் வந்து தங்கள் தங்கள் பிள்ளையைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். யாராவது ஒன்று கூட்டத்தை விட்டுப் பஞ்சுமிட்டாய்க்காரன் பின்னால் ஓடினால், தொட்டிக்குள் ஆண் மீன் வாயைத் திறந்து மூடும், அடுத்த நொடி அந்தப் பிள்ளை கூட்டத்தின் நடுவில் நிற்கும், சட்டைக் காலர் மட்டும் ஈரமாக இருக்கும். இடையில் என்ன நடந்தது என்று கண்ணால் கண்டவர் யாருமில்லை, கேட்டவரும் யாருமில்லை, ஈரக் காலருக்குச் சளி பிடிக்குமா என்று மட்டும் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

சந்து அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றி வைத்துக்கொண்டது. ரெஜினா எக்ஸ்போர்ட் கம்பெனியில் மறுபடியும் தையலுக்குச் சேர்ந்தாள். பிள்ளைக்குச் செல்போன் காட்டிச் சோறு ஊட்டிய வீடுகளில் செல்போன் ஓய்ந்தது, வேதவல்லி தொட்டிக்குத் தீவனம் போடும் நேரத்துக்கு ஒன்பது தட்டும் ஜன்னலடிக்கு வந்தது, மீன் தின்றால் பிள்ளைகளும் தின்றார்கள், கீரையைக்கூட. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சந்து முனையில் ஒரு போர்டு அடித்து வைத்தார்: 'மீன் கண்காணிப்பில் உள்ள பகுதி, மெதுவாகச் செல்லவும்.' கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்றுவிடுமே என்று எல்லோரும் சேர்ந்து வேதவல்லி வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரோ கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். மீன் மிரளும் என்று அவள் துடைத்தாள், மறுநாளும் வைத்தார்கள், மறுநாளும் துடைத்தாள்.

வேதவல்லிக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமை. "தாரி, வாடி, தல வாரணும்" என்று கூப்பிட்டால் மகள் அவளைப் பார்ப்பதில்லை, தொட்டியைப் பார்ப்பாள், தொட்டியில் ஏதோ ஒரு துடுப்பு ஏதோ ஒரு விதமாக அசைந்த பிறகு நல்ல பிள்ளையாக வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். முன்பெல்லாம் ஒரு ஜடை போடுவதற்குள் வீட்டை மூன்று சுற்றுச் சுற்ற வைப்பவள். பெற்றவள் நான், கேட்பது அதை என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை வெளியில் சொல்லவும் முடியவில்லை, ஒரு மீனோடு போட்டி போடுகிறாள் என்று சிரிப்பார்கள்.

பொறாமைக்குப் பின்னால்தான் பயம் வந்தது, வந்த பிறகு போகவே இல்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். கப்பி வளர்ப்பவர்களுக்குத் தெரியாது, கப்பி பெற்ற கையோடு தின்றுவிடும். கோல்டு வளர்ப்பவர்களுக்குத் தெரியாது, கோல்டு முட்டையைத் தூவிவிட்டு மறந்துவிடும். சிக்லிட் வளர்த்தவளுக்குத்தான் தெரியும், அது தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய கையைக்கூடக் கடித்து விரட்டிப் பிள்ளையைக் காக்கும், தீவனத்தை மென்று துப்பி ஊட்டும், கண் மூடாமல் மேய்க்கும், எல்லாம் ஆறு வாரம், மிஞ்சிப்போனால் ஏழு. அதற்குள் அடுத்த முட்டை வயிற்றில் வந்து நிற்கும். அன்றைக்குக் காலை வரை வாயில் தூக்கித் திரிந்த அதே பிள்ளைகளை அன்றைக்கு மத்தியானம் துரத்தும், துடுப்பைக் கிழிக்கும், மூலையில் ஒடுக்கும். வளர்ப்பவர் வலை போட்டு எடுக்காவிட்டால் ஒன்றைக்கூட விட்டுவைக்காது.

தொட்டியில் வலை போடலாம். தெருவில் எதைப் போடுவது?

நாலாவது வாரத்திலிருந்து அவள் தினமும் விடிந்ததும் முதல் வேலையாகப் பெண் மீனின் வயிற்றைப் பார்த்தாள். ஐந்தாவது வாரம் ஆரஞ்சு கொஞ்சம் அழுத்தமானது மாதிரி இருந்தது, வெயில் பட்டதால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆறாவது வாரம் வெயில் படாத நேரத்திலும் அப்படியே இருந்தது. அவள் கணவன் குணசேகரன், மீன் பொட்டலங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகிறவன், தோசையைப் பிட்டபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"ஏங்க, ஆறு வாரம் ஆச்சுங்க."

"எதுக்கு?"

"புள்ளைங்களுக்கு."

அவன் சிரித்தான். "புள்ளைங்களுக்கு நாலு வருசம் ஆச்சு. மீனுக்குத்தான் வாரக் கணக்கு."

"அதுங்களுக்கு இதுங்க மீன்தான?" என்றாள். அவன் பிட்ட விள்ளலைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து தொட்டிப் பக்கம் போனான்.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை ஆண் மீன் அடுத்த முட்டைக்காகச் சட்டியைச் சுற்றிப் பள்ளம் பறிக்க ஆரம்பித்தது. புதன்கிழமை ரெஜினாவின் இரட்டையரில் ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தான், காலில் பொடிப்பொடியாகப் பல் பதிந்த வரிசை. கட்டெறும்பு என்று ரெஜினா சுண்ணாம்பு தடவினாள். வியாழக்கிழமை இன்னும் மூன்று பேருக்குக் கட்டெறும்பு கடித்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேன் வந்து பிள்ளைகள் இறங்கி வழக்கம்போல ஜன்னலை நோக்கி வந்தபோது, ஆண் மீன் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதியது. ஒன்பது பேரும் சிதறினார்கள். சந்து முனையில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் ஒருவர் மேல் ஒருவராக ஒண்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினார்கள். தாய் துரத்திய குஞ்சுகள் ஃபில்டருக்குப் பின்னால் அப்படித்தான் ஒண்டும். வேதவல்லி அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு அவசரமில்லாமல் வலையைத் தேடியிருக்கிறாள்.

சாயந்திரம் மற்றப் பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாரிகாவால்தான் வீட்டுக்கு வர முடியவில்லை. வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்டு மறு காலைத் தூக்க முடியாமல் நின்றாள்.

"உள்ள வாடி கண்ணு. அம்மா இருக்கேன்ல."

"அது வேணாங்குதும்மா."

"நான் கூப்புடுறேன், வா."

"நீ கூப்புடுற. அது வேணாங்குது," என்றாள் தாரிகா, ரொம்பப் பொறுமையாக, அம்மாவுக்குப் புரியாததைப் புரியவைக்கிற மாதிரி. வேதவல்லி அவளைத் தூக்கிக்கொண்டு போய் ரெஜினா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். தன் பிள்ளையைத் தன் வீட்டுக்குள் கொண்டுவர முடியாத ஒருத்தி உலகத்தில் தான் மட்டும்தான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

சனிக்கிழமை காலை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் எல்லோரும் கூடினார்கள். வேதவல்லி நடந்ததையும் நடக்கப்போவதையும் சொன்னாள். கொல்லும் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை, ஆனால் அது இருந்த இடத்தில் நிறுத்தினாள், எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"அதெல்லாம் மீன் குஞ்சுக்கும்மா," என்றார் தணிகாசலம். "நம்ம பசங்களுக்கு அப்படி ஆவுமா? எதுக்கும் அந்த ஜோடியை வேற ஏரியாவுக்குக் குடுத்துடு. முடிஞ்சுது."

குணசேகரன் ஜோடியை வாளியில் பிடித்துக் குட்டியானையில் வைத்து வண்டியைக் கிளப்பினான். தாய்மார் கையைப் பிய்த்துக்கொண்டு ஒன்பது பிள்ளைகளும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். துரத்துகிற மீன்தான், கடித்த மீன்தான், ஆனாலும் நடந்தார்கள், அழுதுகொண்டே மெயின் ரோடு வரைக்கும் நடந்தார்கள், பஸ்ஸெல்லாம் நின்றது. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வாளியை இறக்கினான்.

"வெட்டிக் கொழம்பு வெச்சா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"தண்ணிக்குள்ள அதுங்களுக்கு வலிச்சா வெளியில இதுங்களுக்கு என்ன ஆவும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் வேதவல்லி. அந்தக் குரல் யாருடையது என்று அப்புறம் யாருமே ஒப்புக்கொள்ளவில்லை.

ரெஜினாதான் கேட்டாள். "ஏன் வேதா, அதுங்க குஞ்ச விட்டுட்டு நம்ம புள்ளைங்கள ஏன் புடிச்சிக்குச்சுங்க? பத்து விட்டிருப்பியே, அதெல்லாம் எங்க போச்சு?"

வேதவல்லி தரையைப் பார்த்தாள். ஏழு வாரமாக அவள் வயிற்றுக்குள் கிடந்தது அந்தக் கேள்விதான். "விடல, அக்கா," என்றாள். "அன்னிக்கு மறந்துட்டேன். மொத்தத்தையும் எடுத்துட்டேன்."

ஜன்னலிலிருந்து ஒரு மீன் பிள்ளைகளை வளர்த்தபோது ஆச்சரியப்படாத சந்து, காலர் நனைந்தபோது ஆச்சரியப்படாத சந்து, அப்போதுதான் ஆச்சரியப்பட்டது. கப்பிக்காரர்கள் வாயில் கை வைத்தார்கள். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "பத்து விடலியா? ஒண்ணுகூடவா விடல?" என்று ரெஜினா ஒரு அடி பின்னால் போனாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காரியத்தை அந்தச் சந்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

"என்னை அப்புறம் திட்டுங்க," என்றாள் வேதவல்லி. "அதுங்களுக்குத் தர வேண்டிய குஞ்சத் தந்துட்டு, தொரத்துற நேரத்துல வலை போட்டு ஒழுங்கா எடுக்கணும். அப்பதான் நம்ம புள்ளைங்கள விடும். வேற வழி எனக்குத் தெரியல."

அந்தச் செவ்வாய்க்கிழமைக் குஞ்சுகளில் நல்லதையெல்லாம் வியாபாரி எடுத்துக்கொண்டு போயிருந்தான், வளராததும் வால் கோணியதுமாகக் கொஞ்சம் கழித்துப் போட்டிருந்தான். அப்படிக் கழித்ததை டெக்சாஸுக்குப் போடுவதுதான் அவள் வழக்கம். இந்த முறை மனசு வராமல் மாடி டப்பிலேயே விட்டு வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. அவற்றில் பிள்ளைக்கு ஒன்றாக ஒன்பதைப் பிடித்தாள். வழக்கப்படி பத்து விடலாமே என்று தணிகாசலம் சொன்னார். "பத்தாவதுக்குப் புள்ள எங்க சார்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் உட்கார்ந்தார்கள், சந்து முனையில் குணசேகரன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். தாரிகா மட்டும் அங்கே இருக்க மாட்டேன் என்று வீட்டு வாசற்படிக்கு வந்துவிட்டாள், உள்ளே வரவும் முடியாமல் போகவும் மனசில்லாமல் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். வேதவல்லி ஒன்பது குஞ்சுகளையும் தொட்டிக்குள் விட்டாள். ஜோடி அவற்றைப் பார்த்தது. குஞ்சுகள் ஒட்டி நின்றன. சந்தில் காக்கைகூடக் கத்தவில்லை.

பிறகு ஆண் பாய்ந்தது. ஒரு குஞ்சின் வாலை அது கவ்விய அதே நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து ரெஜினாவின் இரட்டையரில் மூத்தவன் வீல் என்று அலறினான். இது எந்த வேளை என்று வேதவல்லியின் கைக்குத் தெரியும், இதைத்தான் அது பதினோரு வருடமாகச் செய்திருக்கிறது. வலையை இறக்கி அந்தக் குஞ்சை எடுத்து வாளியில் போட்டாள். அலறல் நின்றது. பையன் தாயின் மடியிலிருந்து திமிறி இறங்கி, யாரையும் பார்க்காமல், எந்தக் கூட்டத்தோடும் சேராமல், செருப்பு இல்லாமல் தன்பாட்டுக்கு ஓடினான். ரெஜினா "டேய்!" என்று பின்னால் ஓடினாள். இரண்டாவது குஞ்சை எடுத்தாள், இன்னொரு பிள்ளை இன்னொரு பக்கம் ஓடியது. மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வெளியில் ஒரு பிள்ளை அவிழ்ந்து ஓட ஒரு தாய் கத்திக்கொண்டு துரத்தினாள், ஏழு வாரமாகச் சத்தம் இல்லாத சந்தில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. எட்டையும் எடுத்தாள். ஒன்பதாவதைக் காணவில்லை.

வாசற்படியில் தாரிகா அப்படியே நின்றுகொண்டிருந்தாள், உதடு நீலம் பூத்து.

குஞ்சு மண்சட்டிக்குள் போயிருந்தது. சட்டியின் உள்கூரையில் பெண் மீன் அதற்குள் முட்டையிட ஆரம்பித்திருந்தது, வரிசை வரிசையாக, கேழ்வரகு ஒட்டிவைத்த மாதிரி. உடைத்த ஓரத்து ஓட்டைக்குள் வலை நுழையாது. வேதவல்லி வலையைப் போட்டுவிட்டு முழங்கை வரை கையை விட்டாள். பெண் மீன் விரல் இடுக்கில் கடித்தது. ஆண் மணிக்கட்டில் கடித்துத் தொங்கியது. சட்டிக்குள் விரல் போன இடத்திலெல்லாம் குஞ்சு பின்னால் பின்னால் போனது, வாசலில் தாரிகா "அம்மா" என்று குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"மன்னிச்சிக்கோ தாயே," என்று வேதவல்லி பெண் மீனிடம் உரக்கவே சொன்னாள். சொல்லிவிட்டு சட்டியைப் புரட்டிப் போட்டாள். முட்டைகள் கூழாங்கல்லில் தேய்ந்து சிதறின. பெண் மீன் அவள் கையை விட்டுவிட்டு முட்டைகளை நோக்கிப் போனது, ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பார்த்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பிய முகத்தோடே துழாவி, விரல்களுக்குள் எதுவோ துடிக்க, பொத்தி வெளியே எடுத்தாள்.

தாரிகா மூச்சை இழுத்து ஒரு கத்துக் கத்தினாள். வேதவல்லி அவள் உள்ளே ஓடிவந்து தன் காலைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தாள், ஏழு வாரமாக நினைத்துக்கொண்டிருந்ததே அதைத்தான். தாரிகா திரும்பி வெளியே ஓடினாள். யாரும் பார்த்துக்கொள்ளாத பிள்ளை எப்படி ஓடுமோ அப்படி, சிரித்துக்கொண்டு, ஜடை அவிழ்ந்து, மற்ற எட்டும் அவற்றின் தாய்களும் தறிகெட்டுத் திரிந்த சந்தின் நடுவில் புகுந்து, குணசேகரன் குறுக்கே நிறுத்திய வண்டியின் அடியில் குனிந்து நுழைந்து, மெயின் ரோட்டை நோக்கி ஓடினாள்.

வாளி இரண்டடி தூரத்தில் இருந்தது. வேதவல்லிக்கு அது கண்ணில் படவே இல்லை. பொத்திய கையைப் பொத்தியபடியே, மணிக்கட்டில் ரத்தம் வழிய, "தாரீ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். துடுப்பில்லை, தொட்டியில்லை, வாயைத் திறந்து மூடினால் பிள்ளை வந்து நிற்கிற வித்தை அவளிடம் இல்லை, இரண்டு கால்தான் இருந்தது. தாரிகா திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினாள். சந்து முனையைத் தாண்டி ரோட்டில் அவள் கால் வைத்தபோது ஷேர் ஆட்டோ ஒன்று வளைந்து வந்தது, வேதவல்லி கையை நீட்டினாள், அகப்பட்டது மகளின் மணிக்கட்டு, இழுத்தாள், இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் விழுந்தார்கள். ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டே போனான்.

மகளை முதுகில் ஒன்று வைத்தாள். தாரிகா ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே, தொட்டி எங்கே இருக்கிறது என்று தேடாமல், நேராக அம்மாவின் முகத்தைப் பார்த்து, "நீ போ" என்றாள்.

அப்போதுதான் வேதவல்லிக்கு மறு கை ஞாபகம் வந்தது. மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள், வாசற்படியைத் தாண்டியதைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை, வாளியின் முன்னால் மண்டியிட்டு விரல்களைப் பிரித்தாள். குஞ்சு தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவிழ்ந்துவிட்டதா, எல்லாம் உண்மையிலேயே அவிழ்ந்துவிட்டதா, இல்லை இன்னும் ஏதாவது ஒரு நூல் மிச்சம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. குஞ்சையும் பார்த்தாள், மகளின் மூக்கையும் பார்த்தாள், மூச்சு வருகிறதா என்று.

"வலிக்குதும்மா. கைய விடு."

செவுள் ஒரு தடவை அசைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அசைந்தது. குஞ்சு தள்ளாடி நிமிர்ந்து, மற்ற எட்டின் பக்கம் போகாமல், வாளியின் இன்னொரு ஓரத்துக்குத் தனியாக நீந்திப் போனது.

"அது போய்டுச்சும்மா. விடும்மா, வலிக்குது."

"வலிக்கட்டும்," என்றாள் வேதவல்லி. சந்தில் ஏழு தாய்கள் எட்டுப் பெயர்களைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கையை விடவில்லை.